கட்டைவிரல் படைக்கு வெயில் பூசுகிறவர்கள்

2024 டிசம்பரில், லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகள் பட்டியலில் ஒரு பொம்மைக் கம்பெனி நுழைந்தது. வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் மருந்துக் கம்பெனிகளும் உட்கார்ந்திருக்கும் வரிசை அது. அங்கே போய் இடம் பிடித்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப் விற்பது சாம்பல் நிற பிளாஸ்டிக். கை தனி, கால் தனி, தலை தனி என்று ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள். வாங்கி வந்து, நறுக்கி, பிசிறு சீவி, பசை போட்டு ஒட்டி, சாயம் பூசினால்தான் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வீரன் கிடைப்பான். 2023-24 நிதியாண்டில் இந்த வியாபாரம் 50 கோடி பவுண்டைத் தாண்டியது.

செய்து முடித்த பொருளுக்குக் காசு கொடுப்பதுதான் ஊர் வழக்கம். இங்கே பாதி வேலை மிச்சமிருக்கும் பொருளுக்குக் காசு கொடுக்கிறார்கள்; மிச்ச வேலையைச் செய்வதற்கான சாயத்துக்கும் தூரிகைக்கும் தனியாக இன்னொரு முறை கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிடும் அதே மனிதர், 32 மில்லிமீட்டர் வட்டப் பீடத்தில் நிற்கும் ஒரு வீரனின் தோள்கவச விளிம்பில் ஒரு கோடு இழுக்க ராத்திரி ஒரு மணிவரை விழித்திருக்கிறார். ஹாலிவுட்டில் சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் இப்படி விழித்திருக்கும் ஆட்களில் ஒருவர். அதை அவர் மறைப்பதில்லை. பேட்டிகளில் கேட்டால் உற்சாகமாகச் சொல்கிறார்.

விளையாட்டு என்னவோ எளிதில் சொல்லிவிடக்கூடியதுதான். சாப்பாட்டு மேசையைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. அதில் இடிந்த கட்டடங்கள், மேடு பள்ளம். இரண்டு பேர், இரண்டு படை. அளவுநாடா வைத்து நகர்த்துவார்கள், பகடை உருட்டிச் சுடுவார்கள். கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1987-ல் வெளியிட்ட ‘வார்ஹேமர் 40,000’ இதில் உலகப் பிரசித்தம். ஏறத்தாழ நாற்பதாயிரம் வருடங்களுக்குப் பின்னால் நடக்கும் முடிவே இல்லாத யுத்தம் அதன் கதை. கதையில் நம்பிக்கைக்கு இடமே கிடையாது. எல்லாத் தரப்பும் கெட்டவர்கள். ஆனால் விளையாடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பகடை உருட்டும் நேரத்தைப்போலப் பல மடங்கு நேரம் சாயத்தோடுதான் கழிகிறது. வாங்கி வைத்த பெட்டிகள் பலவற்றை அவர்கள் திறப்பதே இல்லை. அலமாரியில் சேர்ந்துகொண்டே போகும் அந்த அடுக்குக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் ‘அவமானக் குவியல்’.

கூலி வேலை பொழுதுபோக்கானது

பொம்மைச் சிப்பாய்க்குச் சாயம் பூசுவது ஒரு காலத்தில் கூலி வேலை. 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளே குடைவாக ஈயச் சிப்பாய் வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஈயம் குறைந்ததால் விலை குறைந்தது. ஜெர்மன் பொம்மைகள் ஆண்ட கடைகளில் ஆங்கிலேயப் பொம்மைகள் இடம்பிடித்தன. அச்சில் வார்ப்பது சீக்கிரம் முடிந்துவிடும். சிவப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, மீசை, பொத்தான் எல்லாவற்றையும் கையால்தான் வைத்தாக வேண்டும். அதைச் செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். எண்ணிக்கைக்குக் கூலி.

அந்தச் சிப்பாய்களை வரவேற்பறைத் தரையில் பரப்பி விளையாடிய பெரிய மனிதர்களில் ஒருவர் எச். ஜி. வெல்ஸ். காலயந்திரமும் செவ்வாய் கிரகப் படையெடுப்பும் எழுதிய அதே வெல்ஸ். 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று இதற்கு விதிகள் எழுதிப் புத்தகமே போட்டார். வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு எதிரியின் சிப்பாயைச் சாய்க்க வேண்டும். அசல் யுத்தம் எவ்வளவு மடத்தனம் என்று புரிய வைக்க இந்தச் சின்ன யுத்தமே போதும் என்பது அவர் கட்சி. புத்தகம் வந்த மறுவருடம் முதல் உலகப் போர் மூண்டது. வெல்ஸுக்கு முன்பே ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இந்தக் கிறுக்கில் விழுந்திருக்கிறார். நுரையீரல் வியாதிக்காக ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் தங்கியிருந்த 1880-களின் தொடக்கத்தில், மனைவியின் மகனான சிறுவனோடு மச்சுத் தரையில் சாக்பீஸால் வரைபடம் போட்டு வாரக்கணக்கில் படை நடத்தினார். இவர்கள் யாரும் சிப்பாய்க்குச் சாயம் பூசப் பெரிதாக மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. கடையில் பூசியே கிடைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. பூசாத வார்ப்பை மலிவாக விற்றார்கள். பூசுவது வாங்குகிறவர் பாடு. டிராகுலா படங்களில் வான் ஹெல்சிங்காக வந்த நடிகர் பீட்டர் குஷிங் தன் வீட்டு மேசையில் சிப்பாய்களோடு உட்கார்ந்திருப்பதை 1956-ல் ஒரு பிரிட்டிஷ் செய்திப்படக் குழு படமெடுத்திருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தால் கூலிக்கு வேலை செய்பவர் மாதிரி இல்லை. கம்பெனி தன் தலையிலிருந்து இறக்கி வைத்த செலவு, இன்னொருவருக்குச் சுகமாகிவிட்டது. அந்தச் சுகத்தின் மேல்தான் பிற்பாடு ஒரு தொழிலே எழுந்தது.

1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் மரத்தால் விளையாட்டுப் பலகைகள் செய்து விற்பதற்காக கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பைத் தொடங்கினார்கள். 1979-ல் நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்திலுள்ள நியூவார்க்கில் பிரையன் ஆன்செல் என்பவரோடு சேர்ந்து சிட்டடல் என்ற பெயரில் உலோக உருவங்கள் வார்க்க ஆரம்பித்தார்கள். பிறகு கம்பெனியே நாட்டிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தது. அதில் வேலை பார்த்துவிட்டு வெளியேறிய சிற்பிகளும் வடிவமைப்பாளர்களும் அதே ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் தங்கள் தங்கள் கம்பெனிகளைத் திறந்ததில், அந்தப் பகுதிக்கு ‘ஈய வட்டாரம்’ என்றே ஒரு செல்லப்பெயர் வந்துவிட்டது. ஈயம் போய் வெள்ளீயக் கலவை வந்தது, அதுவும் போய் பிளாஸ்டிக் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. ராபின் ஹூட்டின் ஊரில் இன்று லெண்டன் பகுதிக்கு வழி கேட்பவர், பெரும்பாலும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் தலைமையகத்தையும் அதையொட்டிய கண்காட்சிக் கூடத்தையும் பார்க்க வந்தவராகத்தான் இருப்பார்.

இடையில் ஒரு முறை, ‘வாங்குகிறவர்களுக்கு ஏன் இந்தச் சாயம் பூசும் சிரமம்’ என்று சந்தை நினைத்துப் பார்த்தது. 2000-ல் அமெரிக்காவில் ‘மேஜ் நைட்’ என்ற விளையாட்டு, தொழிற்சாலையிலேயே சாயம் பூசிய உருவங்களோடு வந்து சக்கைப்போடு போட்டது. பெட்டியைப் பிரித்த உடனே விளையாடலாம். சில வருடங்களில் அதன் அலை ஓய்ந்தது. பூசாத பிளாஸ்டிக் விற்றவர்கள்தான் பங்குச் சந்தையின் முதல் நூறுக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

ஐம்பத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆள்

சாயம் பூசுவதில் அப்படி என்ன இருக்கிறது? சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு, கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, அவ்வளவுதானே என்றுதான் தொடங்கும் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படிப் பூசி முடித்து மேசையில் வைத்ததும் ஏமாந்து போகிறார்கள். உருவம் சப்பையாக, ஒற்றைக் கட்டியாகத் தெரியும்.

காரணம் இதுதான். 28 மில்லிமீட்டர் அளவில் செய்த உருவம் நிஜ மனிதனில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அதை மேசைமேல் மூன்றடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ மனிதன் ஒருவனை 55 மீட்டர் தள்ளி நிறுத்திப் பார்ப்பதற்குச் சமம். துணி மடிப்பின் ஆழமோ ஒரு மில்லிமீட்டரில் சின்னஞ்சிறு பங்கு. ட்யூப்லைட்டும் ஜன்னலும் சுவரும் எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் அனுப்பும் அறையில், அந்த மடிப்புக்குள் நிழல் தங்க இடமே இல்லை. ஆகவே நிழலையும் பூச வேண்டும். வெயிலையும் பூச வேண்டும். தெருக்கூத்தில் கடைசி வரிசைக் கிழவிக்கும் துரியோதனன் கோபம் தெரிய வேண்டும் என்பதற்காகப் புருவத்தைக் காதுவரை இழுக்கிறார்களே, அந்தக் கணக்குதான் இங்கேயும். கிட்டத்தில் பார்த்தால் மிகை. தூரத்தில் பார்த்தால் உயிர்.

இந்த மிகைக்கு ஒரு முழு வித்தையே வளர்ந்திருக்கிறது. நீர்த்த கருஞ்சாயத்தை மேலே ஊற்றினால் அது வழிந்து பள்ளங்களில் தங்கி நிழலாகும். சிட்டடலின் ‘நல்ன் ஆயில்’ என்ற கறுப்புக் கரைசலை, பாட்டிலில் அடைத்த திறமை என்று கேலியும் நன்றியுமாகச் சொல்வார்கள். தூரிகையில் சாயத்தைத் தொட்டு, துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த முடியால் மேடுகளை மட்டும் வருடினால் அது வெளிச்சமாகும். இந்த இரண்டும் யுத்த டாங்கி மாடல் செய்தவர்களிடமிருந்து வந்தவை. பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டனும் அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெயினும் 1970, 80-களில் புத்தகம் எழுதிப் பரப்பினார்கள். கவசத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் தலைமுடி தடிமனில் ஒரு வெளிர்கோடு போடுவது கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் சொந்த ஓவியக் குழுவின் முத்திரை. இதைவிட ஒரு படி மேலே போய், உலோகச் சாயமே தொடாமல் வெறும் சாம்பல், நீலம், வெள்ளையால் வாளைப் பளபளக்க வைப்பவர்கள் உண்டு. பார்க்கும்போது வாள் மின்னும். கையிலெடுத்துத் திருப்பினால் மின்னல் கூடவே திரும்பாது. அது ஓவியம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இங்கேதான் ஏர்பிரஷ் வருகிறது.

காற்றால் எழுதும் கருவி

ஏர்பிரஷ் ஒன்றும் புதிய சாமான் இல்லை. 1876-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் அப்னர் பீலர் என்பவர் செய்த கருவியில் தொடங்கி, 1890-களில் சார்லஸ் பர்டிக் கைக்குப் போய், பேனா மாதிரி பிடிக்கும் இன்றைய வடிவத்துக்கு வந்தது. முதல் வேலை போட்டோ திருத்துவது. முகச் சுருக்கத்தை அழித்தது. ஸ்டாலின் காலத்து ரஷ்யாவில் சுட்டுக் கொன்றவர்களைப் போட்டோவிலிருந்தும் அழித்தது. விளம்பரப் படம், மோட்டார் சைக்கிள் டேங்க், விமான மாடல் என்று பல கை மாறி, ஜெட் விமானத்தின் உருமறைப்புக் கறைகளை விளிம்பு தெரியாமல் கலக்க உதவியதால் மாடல் செய்பவர்கள் மேசைக்கு வந்தது. அங்கிருந்து போர்விளையாட்டுக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டார்கள்.

உள்ளே இருப்பது ஒரு ஊசி. முனையில் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை துளையுள்ள நாசில். மேலே சின்னக் கிண்ணத்தில் சாயம். விசையை அழுத்தினால் காற்று மட்டும் வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் ஊசி விலகிச் சாயம் வரும். நாசில் வாயைச் சுற்றிக் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. சாயம் உறிஞ்சப்பட்டுப் புகையாகச் சிதறுகிறது. சிதறுவது மிக மெல்லிய துளி என்பதால் அடுக்கு அடுக்காகப் போட்டாலும் உருவத்தின் நுணுக்கம் மூழ்காது. எந்தத் தூரிகையாலும் அவ்வளவு சுலபமாகக் கொண்டுவர முடியாத ஒன்று இதற்கு இயல்பாகவே வரும்: ஒரு நிறம் இன்னொன்றில் கோடு தெரியாமல் கரைவது.

இதை வைத்துச் செய்யும் முதல் வேலை அழகானது. உருவம் முழுவதும் கறுப்பு பிரைமர், அதாவது சாயம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, அடிக்கிறார்கள். பிறகு ஏர்பிரஷை உருவத்தின் தலைக்கு மேலே பிடித்து, வெயில் எந்தத் திசையிலிருந்து விழ வேண்டுமோ அந்தத் திசையிலிருந்து மட்டும் வெள்ளையை ஊதுகிறார்கள். உச்சந்தலை, மூக்கு, தோள், முழங்கால் மேற்பரப்பு வெளுக்கும். தாடைக்குக் கீழே, அக்குளில், அங்கியின் உள்மடிப்பில் கறுப்பு அப்படியே நிற்கும். சாயத்துளிகள் சூரியக் கதிர் போகும் பாதையிலேயே போகின்றன. கதிர் எட்டாத இடத்துக்குத் துளியும் எட்டாது. எங்கே நிழல் என்று பூசுகிறவர் யோசிக்கவே வேண்டாம். இன்னும் ஒரு நிறம்கூட வைக்காத அந்தக் கறுப்பு வெள்ளைச் சிப்பாய் நடுப்பகல் வெயிலில் நிற்பது போலிருப்பான்.

அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய நிறத்தைப் போர்த்தினால் போதும். வெளுத்த இடத்தில் சிவப்பு தழலாகும். கறுத்த இடத்தில் அதே சிவப்பு உறைந்த ரத்தமாகும். முதலில் ஒளி, அப்புறம்தான் நிறம். பழைய ஐரோப்பிய ஓவியர்கள் சாம்பல் நிறத்தில் அடிப்படம் முடித்துவிட்டு மேலே மெல்லிய எண்ணெய்ச் சாயம் ஏற்றிய அதே வரிசை. 2019-ல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் ‘கான்ட்ராஸ்ட்’ என்று, மேட்டில் மெலிந்து பள்ளத்தில் தடித்து நிற்கும் சாயத்தை விற்கத் தொடங்கியதும் இந்த வழி இன்னும் சுருங்கியது. வெளிச்சம் ஊது, கான்ட்ராஸ்ட் போடு, படை தயார்.

ஸ்பெயினின் ஆங்கெல் ஹிரால்டெஸ் ஏர்பிரஷை எந்த அளவுக்குக் கொண்டுபோகலாம் என்று காட்டியவர். கலீசியா மாகாணத்தில் இயங்கும் கோர்வஸ் பெல்லி கம்பெனியின் ‘இன்ஃபினிட்டி’ விளையாட்டு உருவங்களுக்கு அவர் பூசிய வண்ணங்கள்தான் அந்த விளையாட்டின் முகமாகவே இருந்தன. வளைந்த ஒவ்வொரு கவசப் பட்டையும் ஒரு முனையில் இருண்டு மறுமுனையில் ஒளிர்வதை, தடமே தெரியாமல் ஊதியிருப்பார். இவ்வளவு பெரிய பெயர்கள் ஸ்பெயினிலிருந்து வருவதற்கு ஒரு துணைக் காரணம் உண்டு. உலகெங்கும் மாடல்காரர்கள் சொட்டுப் பாட்டிலில் வாங்கும் வல்லேஹோ சாயம் அந்த நாட்டில்தான் தயாராகிறது; 1969 முதல்.

பதம் தப்பினால்

கேட்கச் சுகமாக இருக்கிறது. முதல் முறை கையில் எடுத்தவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.

எல்லாம் பதத்தில் இருக்கிறது. பாட்டிலில் இருக்கும் கெட்டிச் சாயத்தை அப்படியே ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும். அதிகம் நீர்த்துவிட்டால், ஊதிய இடத்தில் சாயம் நிற்காமல் காற்றுக்கு விரட்டுண்டு நாலாபுறமும் சிலந்திக் கால்களாக ஓடும். பால் பதம் என்பார்கள் அனுபவஸ்தர்கள். எந்தப் பால் என்று கேட்டால் ஒருவருக்கொருவர் சண்டை போட்டுக்கொள்வார்கள். அழுத்தம் பெரும்பாலும் 15 முதல் 25 பி.எஸ்.ஐ.; சாயம் மெலிய மெலிய அழுத்தத்தையும் இறக்க வேண்டும். அக்ரிலிக் சாயம் ஊசி முனையிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சாயம் வரவில்லையே என்று விசையை இன்னும் இழுத்தால் அடைப்பு விட்டு மொத்தமாகத் துப்பும், அதுவும் முடித்து வைத்த முகத்தின் மேல். கிண்ணத்தில் குமிழி கொப்பளித்தால் நாசிலில் விரிசல் அல்லது அடைப்பு என்று அர்த்தம். ஊசி தரையில் விழுந்து முனை வளைந்தால் புது ஊசி. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் கழுவ வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிக் கழுவ வேண்டும். பூசும் நேரமா கழுவும் நேரமா எது அதிகம் என்பது இவர்களுக்குள் தீராத வழக்கு.

கடலோர ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. கம்ப்ரஸர் காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரமும் சேர்ந்து அமுங்கி, குழாயில் குளிர்ந்து தண்ணீராகிறது. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி ஊர்களின் காற்றில் இது கொஞ்சநஞ்சம் இல்லை. நடுவில் ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் சாயத்துக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து விழும். கேன் ஸ்ப்ரே பிரைமரும் ஈரக்காற்றில் அடித்தால் மாவு தூவியது போலப் பொரிந்துவிடும்.

இன்னொன்றை விளையாட்டாக விடக்கூடாது. அக்ரிலிக்கில் விஷம் இல்லை என்று பாட்டிலில் எழுதியிருப்பது தூரிகையால் பூசுவதற்குப் பொருந்தும். புகையாக்கி மூச்சில் இழுப்பதற்கு இல்லை. நிறமித் துகளுக்கு நுரையீரலில் வேலை இல்லை. முகக்கவசமும், காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்த பெட்டியும் இல்லாமல் அறைக்குள் ஊதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஏர்பிரஷ் வாங்கியவர் சில நூறு ரூபாய்க் கவசத்தில் கணக்குப் பார்ப்பது என்ன சிக்கனம்?

குறுக்கு வழியா?

ஏர்பிரஷ் வந்ததும் பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். கை நடுங்காமல் தூரிகையால் நிறத்தைக் கரைக்கப் பல வருடம் பழகியவருக்கு, விசையை இழுத்துச் சில நிமிடத்தில் அதைக் கொண்டுவரும் பையனைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஏமாற்று வேலை என்ற வார்த்தை இன்றைக்கும் காதில் விழுகிறது.

அந்தப் புகாரில் எனக்குச் சம்மதமில்லை. அறுபது வீரர்களுக்கு ஒரே நீலத்தை அடிப்பூச்சாகப் பூசுவதில் கலை ஒன்றும் இல்லை. பழைய லண்டன் பெண்கள் எண்ணிக்கைக் கூலிக்குச் செய்த வேலை அது. ஏர்பிரஷ் அதை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டு, கண், தோல், துரு, கிழிந்த அங்கி, ரத்தக்கறை என்று ஆசையோடு செய்யும் பகுதிக்கு மனிதரை அனுப்பிவைக்கிறது. ஆனால் ஏர்பிரஷோடு நிறுத்திக்கொண்ட உருவங்களும் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லா இடத்திலும் ஒரே வழவழப்பு, ஒரே மங்கல் மாற்றம். பார்க்க மெழுகுப் பழம் மாதிரி. தோலுக்கும் தோல்வாருக்கும் இரும்புக்கும் ஒரே மினுமினுப்பு இருந்தால் கண் எங்கே நிற்கும்? தூரிகை உள்ளே வந்து ஒரு கீறல் போட்டால்தான் அந்த இரும்பு அடிபட்ட இரும்பாகிறது. நல்ல ஓவியர்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். எது முதலில், எது கடைசியில் என்பதுதான் அவர்கள் ரகசியம்.

அந்தத் தூரிகை பற்றியும் சொல்லியாக வேண்டும். உசத்தி என்று கருதப்படுவது கோலின்ஸ்கி எனப்படும் சைபீரிய மரநாய் இனத்தின் வால்முடி. வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியின் ‘சீரிஸ் 7’ தூரிகை 1866-ல் விக்டோரியா ராணிக்காகச் செய்யப்பட்டது. ராணிக்குப் பிடித்த அளவு ஏழாம் எண் என்பதால் அந்தப் பெயர். இந்த விலங்கு இமயமலைப் பக்கமும் வாழ்கிறது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் இதைச் சேர்க்க வைத்தது இந்தியா. அதன் விளைவாக 2013 வாக்கில் அமெரிக்கத் துறைமுகங்களில் காகிதம் சரியில்லாத தூரிகைப் பார்சல்கள் தடுக்கப்பட, அந்த ஊர்ப் பொழுதுபோக்குக்காரர்கள் நல்ல தூரிகை கிடைக்காமல் கொஞ்ச காலம் தவித்தார்கள். தங்கள் தவிப்புக்கு இமயமலை மரநாயும் ஒரு காரணம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ.

பத்து மதிப்பெண்ணும் ஒரு வாளும்

2020-ல் வந்த வார்ஹேமர் 40,000 ஒன்பதாம் பதிப்பில் ஒரு விதி சேர்ந்தது. படை முழுவதும் குறைந்தபட்சத் தரத்துக்குச் சாயம் பூசியிருந்தால் ஆட்டத்தின் 100 புள்ளிகளில் 10 உங்களுக்கு. சாயத்துக்கும் போர்த் தந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கொதித்தவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சாம்பல் பிளாஸ்டிக்கோடு வந்து நிற்கும் எதிராளியோடு மோதியவர்கள் அந்த விதிக்குக் கை தட்டினார்கள்.

ஆட்டமே ஆடாமல் பூசுவதற்காகவே பூசுகிறவர்களின் திருவிழா ‘கோல்டன் டீமன்’. 1987-ல் தொடங்கிய போட்டி. பிரிவுவாரியாகத் தங்கம், வெள்ளி, வெண்கலம். எல்லாவற்றிலும் சிறந்த ஒன்றுக்கு ‘ஸ்லேயர் ஸ்வோர்டு’ என்ற முழுநீள வாள், உண்மையான வாள். கட்டைவிரல் உயர உருவத்துக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டவர் கையில், அவர் பூசிய உருவத்தைப்போல முப்பது மடங்கு நீளமுள்ள இரும்பைக் கொடுத்து அனுப்புவார்கள். சமீப ஆண்டுகளில் அமெரிக்காவின் அடெப்டிகான் விழாவிலும் இது நடக்கிறது. 2024-ல் அங்கே பரிசு வாங்கிய ஒரு படைப்பின் பின்னணிப் படம் செயற்கை நுண்ணறிவு வரைந்தது என்று தெரிந்து பெரிய ரகளையானது. உருவத்துக்குச் சாயம் கைவேலைதான். பின்னால் ஒட்டிய தாள் மட்டும் இயந்திரத்தின் வேலை. பிறகு அதற்கும் தடை வந்தது. ஏர்பிரஷுக்கு அங்கே தடையில்லை. அதில் விசையை இழுக்கும் விரல் மனித விரல்.

பத்தரமுல்லையின் தூரிகைகள்

இந்தக் கதையின் ஒரு கிளை நமக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. சாயம் பூச ஆசை இருந்தும் நேரம் இல்லாதவர்கள், கண்பார்வை தளர்ந்தவர்கள், நெப்போலியன் காலத்து முழுப் படைப்பிரிவு வேண்டும் ஆனால் ஐந்நூறு சிப்பாய்க்குப் பொத்தான் வைக்கப் பொறுமை இல்லாதவர்கள் கூலிக்குப் பூசிக்கொடுப்பவர்களைத் தேடுகிறார்கள். அப்படித் தேடும் பிரிட்டிஷ், அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடையே இலங்கைக்கு நெடுநாளாகப் பெயர் உண்டு. கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பத்தரமுல்லை போன்ற இடங்களில் இதற்கென்றே பட்டறைகள் இயங்குகின்றன. பூசாத உலோகச் சிப்பாய்கள் பார்சலில் வரும். சீருடைப் படமும் கூடவே வரும். தரத்துக்கேற்ற விலையில் பூசி, பஞ்சு சுற்றித் திரும்ப அனுப்புவார்கள். வாட்டர்லூவில் நின்ற சிவப்புக் கோட்டுக்காரனின் காலர் எந்த ரெஜிமெண்டுக்கு மஞ்சள், எதற்குப் பச்சை என்பது இலங்கைத் தீவின் மேசைகளில் மனப்பாடம்.

அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பு கூலிப் பெண்களின் கையிலிருந்து பொழுதுபோக்குக்காரர் கைக்குப் போன வேலையின் ஒரு பகுதி, கடல் தாண்டி மறுபடியும் கூலிக் கைகளுக்கு வந்திருக்கிறது. நாட்டிங்ஹாமில் ஒருவர் காசு கொடுத்துச் செய்யும் அதே காரியத்தை இலங்கையில் ஒருவர் காசு வாங்கிச் செய்கிறார். கண்ணும் முதுகும் இருவருக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கும். வித்தியாசம், போதும் என்று தோன்றும்போது தூரிகையைக் கீழே வைக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதில். பரிசுப் போட்டிகளின் படங்களில் அந்த மேசைகளின் பெயர்கள் வருவதில்லை. பூசிய சிப்பாய் வாங்கியவர் பெயரில்தான் அணிவகுக்கிறான்.

தொடங்க நினைத்தால்

இதைப் படித்துவிட்டுக் கை அரிப்பவர்கள் நேராக ஏர்பிரஷில் குதிக்க வேண்டாம். ஒரு நல்ல தூரிகை, ஐந்தாறு நிறம், பகல் வெளிச்சம் தரும் விளக்கு, ஒரு தட்டில் ஈரப் பஞ்சின் மேல் பட்டர் பேப்பர் விரித்த கலவைத்தட்டு இவை போதும். அந்த ஈரத்தட்டில் சாயம் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும். சாயத்தைத் தண்ணீர் விட்டு நீர்த்து, ஒரே தடித்த பூச்சுக்குப் பதில் இரண்டு மெல்லிய பூச்சாகப் போடுங்கள். கேம்ஸ் ஒர்க்‌ஷாப் வீடியோக்களில் டங்கன் ரோட்ஸ் ஓயாமல் சொல்லிச் சொல்லி இந்த உலகத்தின் ஆத்திசூடி ஆக்கிவிட்ட அறிவுரை அது. நாற்பது தாண்டியவர்களுக்கு நெற்றியில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி கட்டாயம். வெட்கப்பட ஒன்றுமில்லை, போட்டியில் ஜெயிப்பவர்களே மாட்டியிருக்கிறார்கள்.

சில உருவங்கள் முடித்து, நிழல் எங்கே விழும் என்று கை தானாகத் தேடத் தொடங்கிய பிறகு ஏர்பிரஷ் வாங்கலாம். சில ஆயிரம் ரூபாய்க்குச் சீனத் தயாரிப்புகள் கிடைக்கின்றன. பழக அவை போதும். ஜப்பானின் இவாட்டாவும் ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக்கும் கை பழகியவர்களுக்கு. காசைக் கருவியில் மிச்சம் பிடித்தாலும் கம்ப்ரஸரில் பிடிக்காதீர்கள். காற்றுத் தொட்டி இல்லாத கம்ப்ரஸர் துடித்துத் துடித்து ஊதும், கோடு நடுங்கும். தொட்டியும் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பென்றால், ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார் ஓடும் என்று கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.